கைராசி

இடது கையுறை எங்கே விழுந்தது என்று இசக்கிக்குத் தெரியாது. விழுந்ததே தெரியாது. கடையில் பால் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தபோது, கல்லாவில் இருந்த பெண் அவள் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அப்போதுதான் இசக்கியும் குனிந்து பார்த்தாள். விரல்கள் ஐந்தும் மெழுகு நிறத்தில் விறைத்துப்போய் இருந்தன. வெளியே எச்சில் துப்பினால் தரைக்கு வருமுன் உறைந்துபோகிற குளிர். விமான நிலையத்திலிருந்து கடை வரைக்கும் அந்தக் கை மொட்டையாகவே வந்திருக்கிறது.

"வலிக்கவில்லையா?" என்று அந்தப் பெண் உள்ளூர் மொழியில் கேட்டாள்.

"பழகிவிட்டது" என்றாள் இசக்கி.

அந்தப் பெண் தன்னுடைய கையுறையையே கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது இசக்கியின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு, ஒரு சாமி கும்பிடுகிற முகத்தோடு நிமிர்ந்தாள். "நீதானா அது? என் அம்மா உன் கையில்தான் போவாள். நீ இல்லாத நாளில் டிக்கெட்டே எடுக்க மாட்டாள்" என்றாள். பிறகு தமிழில், பல்லில் கல் மாட்டியதுபோல் ஒரு சொல்லை உச்சரித்தாள். "கைராசி."

வடகடலின் விளிம்பில் இருந்த அந்தத் தீவுக்கூட்டத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்னால் மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்து ஆட்கள். டாக்டருக்கும் மருத்துவச்சிக்கும் அவர்கள் சொன்னதை உள்ளூர்க்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் விமானத்துக்கு வைத்துவிட்டார்கள். டிக்கெட்டில் நேரம், இருக்கை எண் இவற்றோடு மூன்றாவதாக ஒரு வரி அச்சாகியிருக்கும். கை: இன்னார். அந்த வரியைப் பார்த்துத்தான் ஜனங்கள் ஏறினார்கள். கை: இசக்கி என்று இருந்தால் விமானம் நிரம்பிவிடும்.

அறைக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் கையை அமிழ்த்தி வைத்துக்கொண்டு, வலது கையால் ஊருக்குப் போன் போட்டாள். கோவில்பட்டியில் அவள் அம்மா மாவாட்டிக்கொண்டு இருந்தாள். கிரைண்டர் சத்தம் முதலில் வந்தது, அப்புறம்தான் அம்மா வந்தாள்.

"ஏட்டி, சாப்டியா?"

"சாப்டேம்மா."

"என்ன சாப்ட?"

இசக்கி யோசித்தாள். நினைவில்லை. "சோறுதான்" என்றாள்.

"நீ அங்க என்ன வேலதான் பாக்க? பக்கத்து வீட்டு மாரிச்செல்வி பிளேன் ஓட்டுதாளான்னு கேக்கா. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

"ஓட்டலம்மா. தொட்டுக்கிட்டு இருக்கேன்."

"எதத் தொட்டுக்கிட்டு?"

"இஞ்சின. நீ அடுப்படில வேற வேல பாத்துக்கிட்டு இருக்கும்போதே, கிரைண்டர்ல கல்லு லேசா உரசுனா ஒனக்குத் தெரிஞ்சிருதுல்லா?"

"ஆமா. தரை அதிரும். காலுல தெரியும்."

"அதான் என் வேல. இங்க உள்ளது சின்ன பிளேன், ரெக்கையில விசிறி வச்சது. டர்போப்ராப்பும்பாங்க. உள்ள ஒரு டர்பைன் கண்ணுமண்ணு தெரியாம சுத்தும். அவ்வளவு வேகம் விசிறிக்கு ஆகாது. நடுவுல ஒரு கியர்பாக்ஸ் உக்காந்து வேகத்தக் கொறச்சுக் குடுக்கும். பெரிய பிளேன் ஒருக்க ஏறுனா விடிய விடியப் பறக்கும். இது அப்படி இல்ல. இந்தத் தீவுல ஏறி அந்தத் தீவுல எறங்கும், நம்ம மினிபஸ் மாதிரி. ஏறும்போதெல்லாம் இஞ்சின் கொதிக்கும், எறங்குனதும் இந்தக் குளிர்ல வெறச்சிரும். பாவப்பட்ட இஞ்சின்மா அது."

"அதுக்குக் கம்ப்யூட்டரு இருக்குமேட்டி."

"இருக்கு. தெரிஞ்ச சீக்க அது கண்டுபிடிச்சிரும். இதுவரைக்கும் வராத சீக்கு வந்தா மனுச நரம்புக்குத்தான் மொதல்ல தெரியுமாம். அதுக்கு ஒரு பட்டை உண்டு, முழங்கை வரைக்கும் கட்டிருவாங்க. மேல பிளேன் போகும். அதோட அதிர்வு கீழ நாற்காலில இருக்க என் நரம்புல வரும். எடது கைக்கு எடது இஞ்சின், வலது கைக்கு வலது இஞ்சின்."

"கை கடுக்காதாட்டி?"

"கடுக்காதும்மா."

கடுத்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லவில்லை.

அம்மா கிரைண்டரை நிறுத்தினாள். "காந்திமதி அத்த போயிட்டாட்டி" என்றாள். "வெள்ளிக்கெழம எடுத்தாச்சு. தூரத்துல ஒத்தையில கெடக்க பிள்ளைக்கு ஒடனே சொல்லாண்டாம்னு அப்பா சொல்லிட்டாவ."

இசக்கி காத்திருந்தாள். அத்தை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். வெள்ளைச் சேலையில் மருந்து நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் நினைவுக்கு வந்தது, சேலை வந்தது, இடுப்பு வந்தது. வர வேண்டியது மட்டும் வரவில்லை.

"அப்படியா" என்றாள். "காரியம் என்னைக்கி?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி, பக்கத்துல யாரும் இருக்காவளா? அதான் அழாம பேசுதியா?"

"ஆமாம்மா. ஆளு இருக்கு."

அறையில் அவளும் தண்ணீர்ச் சட்டியும்தான் இருந்தார்கள்.

கைக்காரர்கள் உட்காரும் கூடம் விமான நிலையத்தின் மேல்மாடியில் இருந்தது. கூடம் முழுக்கப் பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு மிதி. எஞ்சினில் தப்பாக ஏதாவது தட்டுப்பட்டால் மிதியை மிதிக்க வேண்டும். மிதித்துவிட்டால் விமானம் பக்கத்துத் தீவில் இறங்கியே ஆக வேண்டும். விமானியோ கம்பெனியோ மறுக்க முடியாது. அதற்கும் ஒரு முறை உண்டு. என்ன தெரிந்தது என்று கைக்காரர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் விமானி பயணிகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உயிர் அவர்களுடையது, காரணம் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று சட்டம் செய்தவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். சட்டம் செய்தவர்கள் நல்லவர்கள்தான்.

வந்த வருஷத்தில் இசக்கி ஒருமுறை மிதித்திருக்கிறாள். எஞ்சினின் அதிர்வு கையில் எறும்புச் சாரை ஊர்வதுபோல்தான் தெரியும்; அன்றைக்கு இடது கையில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகளில் ஒன்று மட்டும் தடுக்கி விழுந்து எழுந்ததுபோல் இருந்தது. "ஒரு எறும்பு நொண்டுகிறது" என்றுதான் சொன்னாள். விமானியும் அப்படியே வாசித்தான். இறக்கிக் கழற்றிப் பார்த்தால் கியர்பாக்ஸில் ஒரு பல் விரிசல் விட்டிருந்தது. கைராசி என்ற பேச்சு அன்றைக்குத் தொடங்கியது. அதன்பிறகு அவள் மிதிக்கவே இல்லை. மிதிக்க மிதிக்கக் குறைந்திருக்க வேண்டிய பேர், மிதிக்காததால் ஏறிக்கொண்டே போனது.

சாப்பாட்டு நேரத்தில் துஷ்யந்தினி தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தீவிலேயே பிறந்தவள், இசக்கிக்கு மூத்தவள், அடுத்த நாற்காலிக்காரி. வெளியே காலெடுத்து வைத்தால் உள்ளூர் மொழி, இசக்கியைக் கண்டால் வடமராட்சித் தமிழ்.

"இசக்கி, உம்மட்ட ஒண்டு கேக்கோணும்."

"கேளுங்கக்கா."

"நாளைக்கு மத்தியானம் கரனும் பிள்ளையும் பெரிய தீவுக்குப் போகினம். அபிக்குக் காதுக்குள்ள ஒரு சின்ன ஒப்பரேசன் எல்லே. ஆறு மாதமாக் காத்திருந்து கிடைச்ச திகதி. உம்மட பிளேனிலதான் போட்டிருக்கிறன்."

தன் வீட்டு ஆட்கள் தன் கையில் ஏறக்கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி. பதற்றத்தில் மிதித்துவிடுவார்களாம். அதனால் தன் வீட்டாரை இன்னொருவர் கையில் ஏற்றுவது கைக்காரர்களுக்குள் ஒரு மரியாதை. பெண் கொடுப்பது மாதிரி.

இசக்கி சோற்றைப் பிசைந்தாள். எந்த விரல் பிசைகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டாள். "வேற யாரு கையிலயாவது போடுங்களேன்."

"வேற ஆர்? மிலான் ஒருத்தன் இருந்தான், தும்மினாலும் மிதிப்பான். என்ர மாமியைக் கொண்டுபோய் மீன்பண்ணைத் தீவில இறக்கி விட்டவன். கழட்டிப் பாத்தா ஒண்டுமில்லை. மனிசி அண்டைக்கு முழுக்க மீன்மணத்துக்க இருந்தவ. இண்டைக்கும் என்னைத்தான் திட்டுறா. நல்ல காலம், அவனை வீட்டுக்கு அனுப்பிப் போட்டினம்."

"நான் சொல்றதக் கேளுங்கக்கா. என் கைய நம்பாதீங்க."

"அடக்கமோ? உங்கட ஊரில அடக்கத்துக்கும் மெடல் குடுக்கிறவையோ?"

"இல்லக்கா, நெசமாத்தான்."

"சும்மா இரும். உம்மட கை போல ஒரு கை இந்தக் கூடத்தில இல்லை." துஷி டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு முறை அழுத்தினாள். "எனக்கு அது தெரியும்" என்றாள்.

அன்று மாலை இசக்கி ரெங்கராஜின் அறைக்குப் போனாள். அவர்தான் கூடத்துக்கு மேலாளர், கோயம்புத்தூர்க்காரர். கோவில்பட்டி பாலிடெக்னிக்கில் இருந்து அவளைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிவந்தவரும் அவர்தான். எழுந்து நின்று வரவேற்பார். யாரையும் ஒருமையில் பேச மாட்டார்.

"வாங்க கண்ணு, உக்காருங்க. டீ குடிக்கறீங்களா?"

"சார், எனக்கு எடது கையில ஒண்ணும் தெரியல."

சொல்லியாகிவிட்டது. இதைச் சொன்னால் வேலை போகும், வேலையோடு இந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போகும், பெட்டியைக் கட்ட வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்து நினைத்து வாயை மூடியிருந்தாள். இப்போது சொல்லிவிட்டு, நெஞ்சு அடிக்கிறதா என்று பார்த்தாள். அது பாட்டுக்கு இருந்தது.

ரெங்கராஜ் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எப்பருந்துங்க?"

"போன குளிருக்கு முந்தின்னு நெனைக்கேன் சார்."

"இல்லீங்க. அதுக்கும் முந்தின கோடையில. மொதல்ல சுண்டுவிரல் போச்சு. அப்பறம் மோதர விரல்."

இசக்கி அவரையே பார்த்தாள்.

"உங்க நரம்பு என்ன பதில் சொல்லுதுன்னு பட்டையில வருதில்லீங்களா? நான் தெனமும் பாக்கறேன்."

"தெரிஞ்சும் ஏன் சார் உக்கார வச்சிருக்கீங்க?"

"சட்டம் என்னங்க சொல்லுது? உசுரோட இருக்கற ஒரு மனுசனோட நரம்பு எஞ்சினோட சேந்திருக்கோணும். அவ்வளவுதான். அந்த நரம்புக்கு உணர்ச்சி இருக்கோணும்னு எழுதலை. மறந்துட்டாங்களோ, அவங்களுக்கு அது தோணவே இல்லியோ, எனக்குத் தெரியாதுங்க." கெட்டிலில் இருந்து கொதிக்கக் கொதிக்க டீயைக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினார். "ரெண்டு வருசம் எல்லாக் கையும் நல்லா இருக்கும். எடுத்ததுக்கெல்லாம் மிதிக்கும். சனங்க நடுவழியில நிக்கும். பிரசவத்துக்குப் போறவ மீன்பண்ணையில பிள்ளை பெத்திருக்கறா கண்ணு, அதுவும் பாவந்தானுங்களே? அப்பறம் கை மரத்துப்போகும். அதுக்கப்பறந்தான் பிளேன் நேரத்துக்குப் போகும்."

"எஞ்சின்ல நெசமாவே ஏதாவது ஆச்சுன்னா?"

"கம்ப்யூட்டர் நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது புடிச்சுரும்."

"மிச்சம் ஒண்ணு?"

"அதுக்குத்தாங்க சட்டம். சட்டத்துக்குத்தான் நீங்க."

கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பொத்திப் பிடித்திருந்தார். ஆவி அவர் முகத்தில் அடித்தது. கை நகரவில்லை. அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நானும் இந்த நாற்காலியில இருந்தவன்தானுங்க, மொத பேட்ச்சு. எனக்கு ரெண்டு கையும் இல்லை. எம்பட சம்சாரம் கையப் புடிச்சா கண்ணுல பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். ஆனா ஒண்ணு, நல்லாத் தூக்கம் வருது. பயம்ங்கறது இல்லாமப் போச்சுன்னா எத்தனை சவுகரியம்னு போகப் போக உங்களுக்கே தெரியும்."

"எத்தனை பேரு சார் இப்படி?"

"உங்க கைய மட்டும் பாருங்க கண்ணு." அவள் பக்கமாக இன்னொரு கிளாஸை நகர்த்தினார். "நிரந்தரமா இங்கேயே தங்கறதுக்கு உங்க பேர மேல எழுதியிருக்கறேன். அம்மா அப்பாவையும் கூட்டிக்கலாம். நாளைக்கு வந்து உக்காருங்க."

"நாளைக்கு துஷிக்கா பொண்ணு போகுது சார்."

"நல்லபடியாப் போய்ச் சேரும்" என்றார். அவர் குரலில் பொய் இருப்பதாகவும் தெரியவில்லை.

மறுநாள் இசக்கி வந்து உட்கார்ந்தாள். குளித்தாள், சட்டை போட்டாள், கால்கள் பழகிய வழியில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டன. உதவியாளன் பட்டையைக் கட்டினான். வலது கையில் ஜெல் சில்லிட்டது.

மத்தியானம்தான், ஆனாலும் அந்த மாசத்தில் சூரியன் மலை விளிம்பில் தலையைக் காட்டிவிட்டு அப்படியே இறங்கிவிடும். கண்ணாடிக்கு அப்பால் ஓடுபாதை நீலமாகக் கிடந்தது. விமானத்தில் ஏறுவதற்கு முன் துஷியின் புருஷன் கரன் போனில் முகம் காட்டினான். துஷி அதை இசக்கியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அபி முன்னால் வந்து கரனை மறைத்தாள். காதில் பஞ்சு, கையில் டிக்கெட்.

"சித்தி, இதில உங்கட பேர் கிடக்கு."

"ஆமாடி தங்கம்."

"நீங்கள் கையை ஆட்டக்கூடாது, என்ன. ஆட்டினா பிளேனும் ஆடும். எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்."

"ஆட்ட மாட்டேன்."

"மூக்குக் கடிச்சாலும் சொறியக்கூடாது."

"சரி."

துஷி சிரித்துக்கொண்டே போனை எடுத்துக்கொண்டாள். அவளுடைய விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. தன் நாற்காலியின் கைப்பிடியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

எஞ்சின்கள் கிளம்பின. வலது முழங்கைக்கு உள்ளேயிருந்து எறும்புகள் புறப்பட்டு மணிக்கட்டுக்கு இறங்கின. விசிறி வேகம் பிடிக்கப் பிடிக்கச் சாரை நெருக்கமாகி, ஒரே கோடாக ஆனது. இடது கை நாற்காலியில் கிடந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருந்தது. விமானம் ஓடி, எழும்பி, தீவின் முனையைத் தாண்டி, இருட்டிக்கொண்டு வந்த கடலுக்கு மேலே போயிற்று.

இது பயப்பட வேண்டிய இடம் என்று இசக்கிக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு தெரிவதுபோல் தெரிந்தது. இடது பக்கத்தில் இப்போது யாரும் இல்லை. அந்தப் பக்கத்து எஞ்சினில் ஒரு எறும்பு நொண்டினாலும், எல்லா எறும்பும் செத்து விழுந்தாலும் ஒன்றுதான். ஆனால் நெஞ்சு அசையவில்லை. ரெங்கராஜ் சொன்னது சரி, சவுகரியமாகத்தான் இருந்தது.

கண்ணை மூடி, விமானம் விழுவதாக நினைத்துப் பார்த்தாள். பஞ்சு வைத்த காது கடலுக்குள் போவதாக நினைத்தாள். துஷி ஓடிவந்து சொல்வதாக நினைத்தாள். அதற்குத் தான் என்ன பதில் சொல்வாள் என்பது அவளுக்கு அப்போதே கேட்டது.

அப்படியா. காரியம் என்னைக்கி?

இசக்கி கண்ணைத் திறந்தாள். காலை நகர்த்தி மிதியின்மேல் வைத்தாள். நல்லவேளை, காலில் தெரிந்தது. மிதித்தாள்.

கூடத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. துஷி எழுந்துவிட்டாள்.

காதில் விமானியின் குரல் வந்தது. "எந்தப் பக்கம்?"

"இடது."

"என்ன தெரிகிறது?"

"ஒன்றும் தெரியவில்லை."

"எஞ்சினில் ஒன்றும் இல்லை என்கிறாயா? அப்படியானால் ஏன் இறக்குகிறாய்?"

"எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாது. என் இடது கை மரத்துப்போய்விட்டது. ரொம்ப நாளாக அதில் ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பக்கத்தை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை."

"இதை நான் அப்படியே பயணிகளுக்கு வாசித்தாக வேண்டும்."

"தெரியும்" என்றாள் இசக்கி. "வாசியுங்கள்."

விமானம் செம்மறிகள் மேயும் ஒரு குட்டித் தீவில் பத்திரமாக இறங்கியது. அங்கிருந்த ஆட்கள் எஞ்சினைத் திறந்து பார்த்தார்கள். ரெங்கராஜ் கூடத்துக்கு வந்து, அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவரே அவள் பட்டையின் கொக்கியைக் கழற்றினார். "எஞ்சின்ல ஒண்ணுமில்லீங்க" என்றார். "தங்கமாட்டம் இருக்குதாம்." கண்டிக்கிற குரல் இல்லை, ஆறுதல் சொல்கிற குரல். "ஒரு வார்த்தை, எறும்பு நொண்டுதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா முடிஞ்சுபோச்சு. இப்படிச் சொல்லிட்டீங்களே கண்ணு. அத்தனை சனமும் கேட்டிருக்குது."

"அதுக்குத்தான் சார் சொன்னேன்."

அவர் தலையாட்டினார். அவள் கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்து, போனார்.

துஷி வந்து எதிரே நின்றாள். அடிப்பாள் என்று இசக்கி எதிர்பார்த்தாள். அடித்தால் இடது கன்னத்தில் அடிக்கட்டும், அதிலாவது தெரிகிறதா பார்க்கலாம் என்று நினைத்தாள்.

"எவ்வளவு காலமா?" என்று துஷி கேட்டாள்.

"ரெண்டு கோடை ஆச்சுக்கா. நேத்தே ஒழுங்கா சொல்லியிருக்கணும். வாய் வரல."

துஷி அப்படியே காலடியில், மிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தன்னுடைய வலது கையை எடுத்து, ஏதோ சாமான் மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வலது கை" என்றாள். "உமக்கு முதலே."

இசக்கி அந்தக் கையைப் பார்த்தாள்.

"சொந்தக்காரரை எங்கட கையில ஏத்தக்கூடாது எண்டு ஒரு விதி இருக்கெல்லே. அது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமோ. மற்ற ஆக்களின்ர பிள்ளையள் ஏறேக்க நான் அங்கால திரும்பிப் பாக்கிறேல்லை. என்ர பிள்ளை எண்டதும் உம்மட்ட ஓடி வந்தனான்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான்தான் இப்பிடியாப் போனன், உம்மட கையெண்டாலும் உயிரோட கிடக்கு எண்டு நம்பினன்."

இருவரும் கையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். துஷி எப்போதோ இசக்கியின் இடது கையைப் பிடித்திருந்தாள். பிடித்தவளுக்கும் தெரியவில்லை, பிடிக்கப்பட்டவளுக்கும் தெரியவில்லை. இசக்கிதான் முதலில் பார்த்தாள். சொல்லவில்லை.

போன் அடித்தது. துஷி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இஞ்ச பாரும், நாங்கள் சுகம்" என்றான் கரன். பின்னால் காற்றும் செம்மறிகளும் இரைந்தன. "பிள்ளைக்கு ஒண்டுமில்லை, ஆட்டுக்குட்டி பாத்துக்கொண்டு நிக்கிறாள். ஆக்கள்தான் ஒருத்தரும் ஒருத்தரோட கதைக்கிறேல்லை. அதை வாசிச்ச நேரத்தில இருந்து எல்லாரும் ஒரு மாதிரி இருக்கினம். வேற பிளேன் அனுப்பினமாம், அரைமணியில வருமாம். ஏறினா ஒப்பரேசனுக்கு நேரத்துக்குப் போயிடலாம். ஆனா டிக்கெட்டில இன்னும் கை போடேல்லை. இந்த முறை ஆற்ற கை?"

யாருடைய கை என்ற அந்தக் கேள்வி கூடம் முழுக்கக் கேட்டது. துஷி தலையைத் தூக்கி ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டு போனாள். பட்டை கட்டியிருந்தவர்கள், கட்டாமல் இருந்தவர்கள், பிலிப்பினோக்கள், நேபாளிகள், உள்ளூர்க் கிழவர் ஒருவர். ஒருவரும் நிமிரவில்லை. ஒருத்தி தன் கையைப் போர்வைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேக்குதோ? ஆற்ற கை எண்டு கேட்டனான்."

"அப்பா" என்றாள் துஷி. அவள் கரனை அப்படித்தான் கூப்பிடுவாள். "பிளேனில ஏறாதேங்கோ. கப்பலில வாங்கோ."

"கப்பலோ? கடல் எழும்பிக் கிடக்கு. ரெண்டு நாள் பிடிக்கும். திகதி தவறினா பிறகு எப்ப தருவாங்களோ தெரியாது. பிள்ளையின்ர காது..."

"தவறட்டும்."

சுவரில் இருந்த பலகை ஒருமுறை கறுத்து, அடுத்த விமானத்தைக் காட்டியது. கை: துஷ்யந்தினி. கீழே கண்ணாடிக்கு அப்பால் ஜனங்கள் வரிசையாக நடந்து ஏறத் தொடங்கினார்கள். ஒரு பெண் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். உதவியாளன் பட்டையை எடுத்துக்கொண்டு துஷியின் நாற்காலிக்கு வந்து, அவளுக்காகக் காத்து நின்றான்.

துஷி எழவில்லை.